வைஃபைல எந்த சைட் போனாலும் ரம்மி விளம்பரம், பேங்க் சைட் திறக்கல. அவசரம்!

திருச்சி_குமரன்:
வணக்கம். நேத்து ராத்திரியிலேர்ந்து எதைத் திறந்தாலும் ரம்மி விளம்பரத்துக்குத் தாவுது. பேங்க் சைட் போட்டா சிவப்பா ஏதோ எச்சரிக்கை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் போகல. நாளைக்கு மாமாவுக்குப் பணம் அனுப்பணும், யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

பட்டாணி:
எதை ஆஃப் பண்ணீங்க, போனா ரூட்டரா? என்ன ரூட்டர்? மொபைல் டேட்டால போட்டா சரியா வருதா?

ராஜி_கோவை:
போன்ல வேண்டாத ஆப் ஏறியிருக்கும். எங்க அக்கா பையன் போன்லயும் இதே கதைதான். ஃபேக்டரி ரீசெட் போட்டுடுங்க.

திருச்சி_குமரன்:
ரூட்டரைத்தான் ஆஃப் பண்ணேன். என் போன், வீட்டம்மா போன், லேப்டாப் மூணுலயும் இப்படித்தான். டேட்டால நல்லா வருது. ரூட்டர் நெட் கம்பெனி கொடுத்தது, வெள்ளைப் பெட்டி, ரெண்டு கொம்பு.

வலைஞர்:
"வெள்ளைப் பெட்டி, ரெண்டு கொம்பு." நல்ல மாடல். அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே, அதைப் பார்த்து எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எத்தனை பேருக்குத்தான் இதைச் சொல்வது. போகட்டும். மூன்றிலும் ஒரே கோளாறு, டேட்டாவில் இல்லை என்றால் போனைக் குறை சொல்லிப் பயனில்லை. ரூட்டரில் டிஎன்எஸ்ஸை மாற்றியிருக்கிறார்கள். சைட் பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரி, அதாவது அந்த சைட்டின் நெட் எண், தரும் சர்வர் அது. அதுவே பொய் சொன்னால் வீட்டில் உள்ள அத்தனையும் தப்பான இடத்துக்குத்தான் போகும். 2014இல் டீம் கம்ரி என்ற நிறுவனம் இப்படி டிஎன்எஸ் மாற்றப்பட்ட ரூட்டர்கள் 3 லட்சத்துக்கு மேல் இருப்பதாக அறிவித்தது. மாற்றம் ரூட்டரில் சேமிக்கப்பட்டிருக்கும், ஆஃப் செய்து ஆன் செய்தால் போகாது.

பட்டாணி:
பிரவுசர்ல 192.168.1.1 போட்டு ரூட்டர் செட்டிங்குக்குள்ள போய், டிஹெச்சிபி (வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கறது) பக்கத்துல டிஎன்எஸ் நம்பரைப் பாருங்க. முக்கியமா, அந்தச் சிவப்பு எச்சரிக்கையை மீறி உள்ள போய் பாஸ்வேர்டு ஏதும் போட்டீங்களா? போட்டிருந்தா மொபைல் டேட்டால போய் இப்பவே பேங்க் பாஸ்வேர்டை மாத்துங்க.

செல்வம்77:
பக்கத்து வீட்டுக்காரன் வேலையாதான் இருக்கும். வைஃபை பேரை மறைச்சு வைங்க, மேக் ஃபில்டர் போடுங்க, நம்ம கருவியோட மேக் நம்பரைப் பதிஞ்சு அதை மட்டும் உள்ள விடும். எவனும் உள்ள வர முடியாது.

வலைஞர்:
பெயரை மறைத்தால் உங்கள் போனே போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூவித் தேடும். மேக் முகவரி காற்றில் மறைப்பில்லாமல் போகிறது, யாரும் நகலெடுக்கலாம்.

செல்வம்77:
எங்க வீட்ல பல வருஷமா இப்படித்தான் இருக்கு. ஒண்ணும் ஆகல சார்.

வலைஞர்:
ஆகியிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்குமா?

மீனா_எம்:
சண்டை அப்புறம். டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டுக்குப் பதிலா பின் போட்டு வைஃபைல சேரும் வசதி) ஆன்ல இருந்தா அணைச்சிடுங்க. அந்தப் பின் 8 இலக்கம்தான், அதுலயும் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு. முதல் பாதி சரியா இல்லையான்னு ரூட்டரே தனியா சொல்லிடும். அதனால அதிகபட்சம் 11,000 தடவை போட்டுப் பாத்தா போதும். 2011லயே அம்பலமான ஓட்டை.

பட்டாணி:
பக்கத்து வீடுன்னா அது சரி. ஆனா இது அப்படித் தெரியல. குமரன், ஸ்டேட்டஸ் பக்கத்துல வான் ஐபி (நெட் கம்பெனி உங்க ரூட்டருக்குக் கொடுத்த முகவரி) 100.64லேர்ந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா, உங்க கம்பெனி ஒரே பொது ஐபியைப் பல வீட்டுக்குப் பங்கு போடுது. இன்டர்நெட்ல இருக்கறவன் உங்க ரூட்டரை நேரா தொட முடியாது. அப்போ நீங்க திறந்த ஏதோ ஒரு வெப் பக்கம் உங்க பிரவுசர் வழியாவே யூசர்நேம், பாஸ்வேர்டு ரெண்டுக்கும் அட்மின்னு போட்டு உள்ள நுழைஞ்சு மாத்தியிருக்கலாம்.

வலைஞர்:
அதே கம்பெனி வலைக்குள் இருக்கும் இன்னொரு கெட்டுப்போன ரூட்டரும் தொடலாம். அதை விட்டுவிட்டீர்கள்.

பட்டாணி:
கம்பெனி தடுக்காம விட்டிருந்தா, ஆமா.

திருச்சி_குமரன்:
ஐபி 100.71ன்னு ஆரம்பிக்குது. யூசர்நேம் பாஸ்வேர்டு ரெண்டுமே அட்மின்தான். டிஎன்எஸ்ல என்னமோ நம்பர். ரீசெட் பட்டனை அழுத்தட்டுமா?

மீனா_எம்:
இருங்க, அழுத்தாதீங்க! நெட் கம்பெனியோட இணைய ரூட்டர்ல போட்டிருக்கற பிபிபிஓஇ யூசர்நேம், விலான் நம்பர் எல்லாம் அழிஞ்சு நெட்டே வராம போயிடும். முதல்ல நெட்காரர்கிட்ட அதைக் கேட்டு எழுதி வச்சுக்கோங்க. அப்புறம் ரீசெட். வந்த உடனே முதல் வேலை அட்மின் பாஸ்வேர்டு, அடுத்து வைஃபை பாஸ்வேர்டு, ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலேர்ந்து ரூட்டரை மாத்தற வசதி) ஆஃப். ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள்ள ஓடற மென்பொருள்) அப்டேட் இருக்கான்னும் கேளுங்க. எந்தக் காலத்து ஃபர்ம்வேர்ல ஓடுதோ.

திருச்சி_குமரன்:
நெட்காரர் போன் எடுக்கல. டிஎன்எஸ்ஸை 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேர் கம்பெனியோட பொது டிஎன்எஸ்) ஆக்கிட்டேன், இப்ப சரியா வருது. எல்லாருக்கும் நன்றி.

பட்டாணி:
அட்மின் பாஸ்வேர்டை மாத்தினீங்களா? அது அப்படியே இருந்தா இதே வேலையைத் திரும்பச் செய்வாங்க. சொல்லிட்டுப் போங்க.

மீனா_எம்:
குமரன்?

செல்வம்77:
மேக் ஃபில்டரும் போட்டாரான்னு கேளுங்க.