பட்டாசு ஆலையில் கட்டை அடுக்குவது யார்?

சாத்தூரான்:
மாணவர்களுக்கு வாதக் கட்டுரை கற்பிக்க "தீபாவளிக்குப் பட்டாசு வாங்குவது அறமா?" என்பதை விஞ்சிய தலைப்பு இல்லை என்று ஆசிரியை மேசைவிளக்கு அவர்கள் நேற்று இக்குழுவில் அறிவித்து, தம் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரின் கட்டுரையை மாதிரியாக இட்டிருந்தார். அதன் முதல் பத்தியில், "பட்டாசு ஆலையில் விடியற்காலை முதல் கட்டை அடுக்கும் சிறுவனின் விரல்களை நினைத்தால் வாங்க மனம் வருமா?" என்று இருக்கிறது. கட்டை அடுக்குவது தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டி ஆலை, வேலை. மருந்து முக்குவதற்கு முன், வெறுங் குச்சிகளைச் சட்டத்தில் வரிசை வரிசையாகப் பதிப்பதற்குத்தான் எங்கள் பக்கம் அந்தப் பெயர். இதற்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வேறு வழங்கப்பட்டிருக்கிறது.

மேசைவிளக்கு:
ஐயா, நான் கற்பித்தது தீப்பெட்டி செய்யும் முறையை அன்று. கருத்து, சான்று, எதிர்வாதம், மறுப்பு ஆகிய நான்கையும் ஒரு கட்டுரையில் இணைக்கும் முறையை. "யாரும் வாங்காவிட்டால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோருக்குக் கூலி எங்கிருந்து வரும்?" என்ற எதிர்வாதத்தை அந்த மாணவர் தாமே எழுப்பி, தாமே பதிலும் சொல்லியிருக்கிறார். குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் காட்டியிருக்கிறார். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

சாத்தூரான்:
தீர்ப்பை நானும் அறிவேன். அதற்கு முன் 1990இல் அதே நீதிமன்றம், உற்பத்தி நடக்கும் இடத்துக்கு அப்பால், பெட்டியில் அடைக்கும் வேலைக்குச் சிறுவர்களை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதையும் அறிவேன். அது சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளைப் பற்றிய வழக்கு. தீப்பெட்டி, அம்மா, தீப்பெட்டி. பட்டாசில் குழாய் உருட்டுவார்கள், திரி வைப்பார்கள். கட்டை அடுக்க மாட்டார்கள்.

பனங்காடு:
குழந்தை எந்த ஆபீசில் உட்கார்ந்தால் என்ன, குழந்தை குழந்தைதானே? சென்ற ஆண்டு கருப்பட்டியில் சீனி கலப்பதைப் பற்றிப் பேசியபோதும் இவர் இப்படித்தான், கலப்படத்தை விட்டுவிட்டு, நான் பாகு என்று எழுதியதைக் கூப்பனி என்று திருத்துவதிலேயே நாற்பது பதிவுகளைக் கழித்தார். நான் மறக்கவில்லை.

ஒற்றுப்பிழை:
கட்டையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், மாணவர் நான்கு இடங்களில் "பட்டாசு தொழில்" என்று ஒற்று இல்லாமல் எழுதியிருப்பதைக் கண்டுகொள்ளவில்லை. "பட்டாசுத் தொழில்" என்பதே சரி. ஒன்பது மதிப்பெண் எப்படி வந்தது என்று எனக்கும் விளங்கவில்லை.

பனங்காடு:
போன வாரம் "கட்டுரை போட்டி" என்று அறிவிப்பு எழுதியவர் ஒற்றைப் பற்றிப் பேசுகிறார்.

ஒற்றுப்பிழை:
அது தட்டச்சுப் பிழை என்று அன்றே சொல்லிவிட்டேன்.

சாத்தூரான்:
ஒற்று கிடக்கட்டும். எட்டாம் வகுப்பு படிக்கையில், பள்ளி விட்டு வந்து என் அக்காவோடு உட்கார்ந்து நான் கட்டை அடுக்கியிருக்கிறேன். ஒரு சட்டம் நிரம்பினால்தான் கூலிக் கணக்கில் ஒன்று கூடும். நடுவில் ஒரு குச்சி கோணினால் கணக்குப்பிள்ளை சட்டத்தைத் திருப்பித் தள்ளுவார். அந்த வேலையை ஒரு நாளும் பார்க்காதவர்கள் அதைத் தூக்கிப் பட்டாசு ஆலைக்குள் வைத்து, கண்ணீர் வர எழுதச் சொல்லிக் கற்பிப்பதைத்தான் நான் கேட்கிறேன்.

பனங்காடு:
ஆக, எட்டாம் வகுப்புப் பையன் வேலை செய்தான் என்பதற்கு நீங்களே சான்று. மாணவரின் வாதம் நின்றுவிட்டது.

சாத்தூரான்:
தீப்பெட்டிக்குச் சான்று. பட்டாசுக்கு அன்று.

மேசைவிளக்கு:
அப்படியானால் அடுத்த வகுப்பில் தலைப்பைத் "தீப்பெட்டி வாங்குவது அறமா?" என்று மாற்றிக்கொள்கிறேன். மனம் நிறைந்ததா?

சாத்தூரான்:
மாற்ற மாட்டீர்கள். தீப்பெட்டியைப் புறக்கணிக்கச் சொல்லி எந்தப் பள்ளியிலாவது பிள்ளைகளைக் கை நீட்டி உறுதிமொழி எடுக்க வைத்ததுண்டா? பட்டாசு ஆண்டுக்கு ஒருமுறை வாங்குவது, கைவிடுவது எளிது. தீப்பெட்டி அடுப்படியில் தினமும் வேண்டும். ஆகையால் அங்கே மட்டும் எவருடைய விரலும் எவர் நினைவுக்கும் வருவதில்லை. இந்த வேறுபாட்டை அந்த மாணவரிடம் கேட்டிருந்தால் அது வாதக் கட்டுரை. இப்போது இருப்பது வெறும் உறுதிமொழி.

மேசைவிளக்கு:
பதினான்கு வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு எதிர்பார்க்கும் தாங்கள், என் வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேருக்கு ஒரு வாரம் கட்டுரை திருத்திப் பாருங்கள். கட்டுரை பள்ளி மலரில் அப்படியே வரும்.

ஒற்றுப்பிழை:
ஒற்றையாவது சேர்த்து அச்சிடுங்கள்.

சாத்தூரான்:
வரட்டும். மலர் கையில் கிடைத்ததும் அந்த வரியைச் சிவப்பு மையில் கோடிட்டுத் தலைமையாசிரியருக்கு அனுப்புகிறேன். கட்டை அடுக்குவது தீப்பெட்டி ஆபீசில்.