நட்டு வந்துருச்சு, வீலு வரல! பழைய காரு வச்சிருக்கவங்க உங்க கதையையும் சொல்லுங்க

உப்பளக்காரன்:
போன சனிக்கிழமை மதுரைல ஒரு காதுகுத்துக்குப் போயிட்டு திரும்பி வாரேன், எட்டயபுரம் தாண்டி ஒரு அஞ்சாறு கிலோமீட்டர்ல முன் இடது டயர் பங்க்சர். வண்டி 2006 வேகன்ஆர். தூத்துக்குடில வீட்டு வாசல்லயே உப்புக்காத்துல நிக்கிற வண்டி, அலாய் வீல் முந்தின ஓனர் போட்டது, நான் வாங்கி நாலு வருஷமாச்சு, ஒரு தடவகூட வீலைக் கழட்டிப் பாத்ததில்ல. சிரிக்காதீங்க.

நட்டு நாலும் வீல் ஸ்பேனர் மேல ஏறி நின்னு மிதிச்சதும் வந்துருச்சு. அப்பாடான்னு ஜாக்கிய ஏத்தி, நட்டைக் கழட்டிட்டு, ரெண்டு கையாலயும் வீலைப் புடிச்சு இழுத்தா அசையவே மாட்டேங்குது. வெல்டு வச்ச மாதிரி நிக்குது. கீழ உக்காந்து காலால மிதிச்சேன், ஸ்டெப்னிய வச்சே அடிச்சேன், ஒரு மண்ணும் நடக்கல, நாலாவது மிதிக்கு வண்டி லேசா முன்ன சாஞ்சுது பாருங்க, ஜாக்கி ஒரு பக்கமா மடங்குது, எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. வீட்டுக்காரியும் பிள்ளையும் நல்லவேளை ஒரு கருவேலமரத்து அடில நின்னுட்டு இருந்தாங்க.

அப்பத்தான் உப்பு லோடு ஏத்தப் போற லாரி ஒண்ணு ஓரமா நின்னுச்சு. டிரைவர் அண்ணாச்சிக்கு ஒரு அறுபது வயசு இருக்கும், எறங்கி வந்து என்னைப் பாத்தாரு, வண்டியப் பாத்தாரு, "தம்பி மொதல்ல அந்த ஜாக்கிய எறக்கு, உன் காலு மேல உனக்கு என்ன கோவம்"னாரு. நட்டு நாலையும் திருப்பி கையாலயே மாட்டச் சொன்னாரு, ரிம்முல தொட்டதும் ஒரு சுத்து பின்னால விடச் சொன்னாரு. அப்புறம் வண்டிய எறக்கிட்டு, ஸ்டார்ட் பண்ணி, ரெண்டடி முன்ன, ரெண்டடி பின்ன, ஒவ்வொரு தடவையும் பிரேக்கை சட்டுன்னு மிதி. காத்து இல்லாத டயரு சப்பு சப்புன்னு உருளுது, எனக்கு மனசே இல்ல. மூணாவது தடவை ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுட்டு மிதிச்சேன், டொக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான், மறுபடி ஜாக்கி போட்டா வீலு தானா சாஞ்சு வந்து கையில விழுது.

உள்ள பாத்தா வீலு போய் உக்காருற ஹப்புக்கு நடுவுல இருக்க அந்த வட்டத்தைச் சுத்தி வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி பொடி, அதுக்கு அடியில செம்மண் கலர்ல துரு. அண்ணாச்சி விரலால தேச்சுக் காமிச்சாரு, "இதான் உன்ன அரை மணி நேரமா ஆட்டி வச்சது." காசு குடுத்தேன், வாங்கல, தண்ணி பாட்டில் மட்டும் வாங்கிட்டுப் போயிட்டாரு. இது எல்லாருக்கும் நடக்குமா இல்ல எனக்கு மட்டும்தானா?

டீசல்வாசனை:
காதுகுத்து சாப்பாடு செமிச்சிருக்கும்ல 😄 நாலு வருஷமா டயரை எடம் மாத்தி மாட்டுற ரொட்டேஷனே பண்ணலயா மாமா, 10000 கிலோமீட்டருக்கு ஒருக்கா கழட்டி மாட்டியிருந்தா இந்தப் பிரச்னையே வந்திருக்காது. (நானும் பண்றதில்ல, அது வேற விஷயம்.)

பட்டறைக்காரன் கோவை:
அண்ணா உங்களுக்கு மட்டும் இல்லீங்க, எங்க பட்டறைக்கு மாசம் ரெண்டு வண்டி இப்படி வருதுங்க. அலாய் வீல் அலுமினியம், ஹப்பு இரும்பு, ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கற எடத்துல ஈரமும் உப்பும் போனா பேட்டரி மாதிரி வேலை செய்ய ஆரம்பிச்சுரும், அலுமினியம்தான் அரிச்சுப் போகும். நீங்க பாத்த வெள்ளப் பொடி அதோட ஆக்சைடுங்க. அது அலுமினியத்தை விட அதிக எடம் கேக்கும், ஓட்டைக்கும் ஹப்புக்கும் நடுவுல இருந்த முடியளவு சந்துல ஆப்பு வச்ச மாதிரி இறுகிக்கும். சாதா இரும்பு ரிம்முலயும் துரு அதே வேலையத்தான் பண்ணும். கடற்கரை வண்டி, வெள்ளத்துல நின்ன வண்டி, ரொம்ப நாள் எடுக்காம நின்ன வண்டி, இந்த மூணுதான் ஜாஸ்தி வருது. 2015 டிசம்பர் வெள்ளத்துல தண்ணிக்குள்ள நின்ன சென்னை வண்டி ஒண்ணை ரெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தர் வாங்கிட்டு வந்தாரு, நாலு வீலுக்கும் ஒரு பகல் முழுசாப் போச்சுங்க.

லாரிக்காரர் சொன்னதுதான் மொத வழி. நட்டு கட்டாயம் மாட்டியிருக்கணும், நாலடிக்கு மேல ஓட்டக்கூடாது, வேகம் எடுக்கவே கூடாது. அதுல வரலைன்னா வண்டியத் தூக்கி அடியில ஸ்டேண்டு குடுத்து நிறுத்திட்டு, நட்டை அதே மாதிரி லூசா விட்டுட்டு, வண்டிக்கு அடியில இருந்து பெரிய சம்மட்டியால டயரோட உள்பக்கத்துல அடிக்கணும், மேல ஒண்ணு, வீலை அரைச்சுத்து சுத்திட்டு இன்னொண்ணு. ரிம்முல அடிச்சுத்தான் ஆகணும்னா கட்டை வச்சு அடிங்க. அலாய்ல நேரா இரும்பு பட்டா விரிசல் விட்டுரும், அப்பறம் அந்த வீல் பழைய இரும்புக் கடைக்குத்தான். துரு எளக்கற டபிள்யூடி-40 ஸ்ப்ரேயோ டீசலோ நடு வட்டத்துல மட்டும் விட்டு ஊற விடுங்க. டிஸ்க்ல, பிரேக் பேடுல பட்டா அடுத்த சிக்னல்ல வண்டி நிக்காது.

இன்னொண்ணு, இது கொஞ்சம் சீரியஸா சொல்றேன். கேஸ் வச்சு சூடு பண்ணி கழட்டறேன்னு யாராச்சும் சொன்னா வண்டிய எடுத்துட்டு கிளம்பிருங்க. டயர் மாட்டியிருக்கற ரிம்மை சூடு பண்ணா உள்ள ரப்பர் கருகி எரியற வாயு உண்டாகும், காத்தை எறக்கியிருந்தாலும் வெடிக்கும். ஆள் செத்திருக்காங்க.

அப்பறம் ரோட்டோரத்துல ஜாக்கி போட்டா, எடுத்து வச்ச ஸ்டெப்னிய வண்டிக்கு அடியில தள்ளி வைங்க. ஜாக்கி வழுக்குனாலும் வண்டி அது மேலதான் உக்காரும்.

சில்லு:
எங்கட ஊரிலை வீல் எண்டு சொல்லுறேல்லை, சில்லு. அதுதான் பேர். அப்பாட்டை ஒரு ஒஸ்ரின் ஏ40 நிண்டது. சண்டைக் காலத்திலை யாழ்ப்பாணத்துக்கு பெற்றோல் வராது, உந்தப் பழைய கார் எல்லாம் மண்ணெண்ணையிலைதான் ஓடினது, ஸ்டார்ட் எடுக்க மட்டும் ஒரு சொட்டு பெற்றோல். 95 ஐப்பசியிலை ஊரோடை இடம்பெயரேக்கை காரை மாமரத்துக்குக் கீழை விட்டிட்டுப் போனது. அடுத்த வருசம் சித்திரை கழிய வந்து பாக்க, கார் நிண்ட இடத்திலையே நிக்குது, ரயர் நாலும் மண்ணோடை படிஞ்சு, சில்லு ஒண்டும் அசையேல்லை. உருட்டிப் பாக்கவும் ஏலாது.

அப்பா அவசரப்படேல்லை. பழைய சாறத்துணியைக் கிழிச்சு மண்ணெண்ணையிலை தோய்ச்சு ஒவ்வொரு சில்லின்ர நடுவிலையும் திணிச்சு விட்டார், மூண்டு நாள், பின்னேரத்திலை ஒருக்கா மண்ணெண்ணை விடுறது என்ர வேலை. நாலாம் நாள் பனங்குத்தி ஒண்டை வச்சு அடிக்க மூண்டு சில்லு வந்திட்டுது, துரு செதில் செதிலா கொட்டினது இப்பவும் கண்ணுக்கை நிக்குது. கடைசிச் சில்லுக்கு இன்னும் ரெண்டு நாள். அந்த நேரம் மண்ணெண்ணை வித்த விலைக்கு அம்மா பேசின பேச்சு வேறை.

ஏலக்கா ஜீப்:
எங்க கதை வேற மாதிரி. போடிமெட்டு மேல தாத்தா ஓட்டுன பழைய வில்லிஸ் ஜீப் ஒண்ணு ஷெட்ல கெடக்கு. லீவுக்குப் போனப்ப நானும் மச்சானும் சரி பண்ணலாம்னு எறங்குனோம். வலது பக்கம் அஞ்சு நட்டும் வந்துருச்சு. இடது பக்கம் ஒண்ணுகூட அசையல. துரு புடிச்சிருக்குன்னு நெனச்சு ஸ்பேனர்ல மூணடி பைப்பைச் சொருகி ரெண்டு பேரும் தொங்குனோம், டப்புனு நட்டு ஏறுற ஸ்டட்டு ஒடிஞ்சுது. இன்னொண்ணுலயும் தொங்குனோம், அதுவும் ஒடிஞ்சுது. அப்பத்தான் தோட்டத்து வாட்ச்மேன் தாத்தா வந்து "அந்தப் பக்கம் எடது மரைடா பாவிகளா"ன்னாரு. ஒடிஞ்ச முனைய துடைச்சுப் பாத்தா ஸ்டட்டு தலையில ஆங்கில எல் எழுத்து வெட்டியிருக்கு. இவ்வளவு நேரமும் கழட்டுறோம்னு நெனச்சு இறுக்கிக்கிட்டு இருந்திருக்கோம். அந்தக் காலத்து ஜீப்புல இடது பக்க நட்டு ஓட்டத்துல கழண்டுடக் கூடாதுன்னு அப்படிப் போடுவாங்களாம். மிச்சம் மூணையும் எதிர்ப்பக்கம் திருப்பினதும் வெண்ணெய் மாதிரி வந்துச்சு, அத நெனச்சாத்தான் இன்னும் எரிச்சல்.

டீசல்வாசனை:
வெண்ணெய் மாதிரி 😂😂 ரெண்டு ஸ்டட்டு தண்டம்.

உப்பளக்காரன்:
நேத்து ஞாயித்துக்கிழமை உக்காந்து மிச்ச மூணையும் பாத்துரலாம்னு எறங்குனேன். பட்டறைக்காரர் சொன்ன மாதிரி ஸ்டெப்னிய அடியில தள்ளிட்டுத்தான் வேலைய ஆரம்பிச்சேன். முன் வலது முன்ன பின்ன ஓட்டுனதுலயே வந்துருச்சு. பின் வலதுக்கு சம்மட்டி, ஏழோ எட்டோ அடி. ஹப்பை வயர் பிரஷ் போட்டு வெள்ளி மாதிரி தெரியுற வரைக்கும் தேச்சு, நடு வட்டத்துல மட்டும் விரல்ல தொட்டு லேசா கிரீஸ் தடவுனேன், ஸ்டட்டு மரையிலயும் ரிம்மு வந்து உக்காருற முகத்துலயும் படாம.

ஒரு டவுட்டு, டயர் கடையில காத்துல ஓடுற ஏர் கன்னை வச்சு நட்டை டர்ர்ருன்னு இறுக்குறாங்கல்ல, எனக்கு அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமோன்னு.

பட்டறைக்காரன் கோவை:
ஹப்பு ஒட்டறதுக்கு துருதாங்க காரணம், கன்னு இல்ல. ஆனா கன்னால இறுக்கினா ரோட்டுல உங்க ஸ்பேனருக்கு நட்டு வராது, ஸ்டட்டும் இழுபடும். மொதல்ல கையில ஏத்தி, அப்பறம் எதிரெதிரா டார்க் ரெஞ்ச், அதான் அளவு வச்சு இறுக்கற ஸ்பேனர், வச்சு இறுக்கச் சொல்லுங்க. நீங்க இப்ப தேச்சு மாட்டியிருக்கீங்க, அதனால ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓடுனதும் இன்னொருக்கா இறுக்கிப் பாருங்க. பின் இடது என்னாச்சுங்க, அதைப் பத்தி பேச்சே காணோம்?

உப்பளக்காரன்:
அது வரலைங்க. சாயங்காலம் வரைக்கும் அடிச்சேன், பக்கத்து வீட்டு ஆச்சி வந்து "யாரு வீட்ல என்ன இடிக்காங்க"ன்னு கேட்டுட்டுப் போயாச்சு. சில்லு அண்ணன் அப்பா செஞ்ச மாதிரி பழைய லுங்கியக் கிழிச்சு டீசல்ல முக்கி திணிச்சு வச்சிருக்கேன். புதன்கிழமை பாத்துட்டு சொல்றேன்.