குடியேறியோரின் உடல் கொழுப்பு: யாரோடு ஒப்பிடுவது?

மாறன்:
அமெரிக்காவில் குடியேறியவர்கள் வந்த புதிதில் அங்கேயே பிறந்தவர்களைவிட மெலிந்திருப்பதையும், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த இடைவெளி குறுகிவிடுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே கொழுப்பைத் தீர்மானிப்பது வாழும் சூழலே. பூர்வீகத்தை இதில் இழுக்கத் தேவையில்லை.

நறுமுகை:
அந்த ஆய்வுகள் அளந்தது பி.எம்.ஐ.யை (எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்), கொழுப்பை அல்ல. 2004இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தையே ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான், ஆனால் ஸ்கேனில் யுட்கினின் உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குடையது 21.2 சதவீதம். எடையை மட்டும் வைத்துச் சூழல்தான் காரணம் என்று எப்படி முடிவு கட்டுகிறீர்கள்?

மாறன்:
யுட்கின் மாரத்தான் ஓடுபவர் என்றும், யாஜ்னிக் ஓடுவது லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஏறிவிடத்தான் என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறார்களே! அது என் தரப்புக்குத்தான் வலு சேர்க்கிறது.

நறுமுகை:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பச்சிளங்குழந்தைக்கு வாழ்க்கை முறை என்று ஒன்று ஏது? புனே வட்டாரத்தில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த வெள்ளையினக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. தசையும் வயிற்றுச் சுற்றளவும் வெகுவாகக் குறைந்திருந்த அந்தப் புனே குழந்தைகளிடம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. இதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

செழியன்:
இருவருமே ஒப்பிடும் ஆளைத் தவறவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். குடியேறியவரை அந்நாட்டவரோடு மட்டும் ஒப்பிட்டால் சூழலும் பூர்வீகமும் ஒன்றாகக் கலந்துவிடும். ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய இனத்தவரையும் சேர்த்து அளக்க வேண்டும். கானா மக்களிடம் அப்படி அளந்தபோது, உடல் பருமன் உள்ள ஆண்கள் கானாவின் கிராமங்களில் 1.3 சதவீதம், நகரங்களில் 6.9 சதவீதம், லண்டனில் குடியேறியவர்களிடையே 21.4 சதவீதம். மாற்றத்தில் கால் பங்குக்கு மேல் விமானம் ஏறுவதற்கு முன்பே, கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போகும்போதே நிகழ்ந்துவிடுகிறது.

நறுமுகை:
நல்ல ஒப்பீடு, ஆனால் அதுவும் பி.எம்.ஐ. கணக்குதான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி அளந்தால், கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதாவது தெரியும். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ஐரோப்பிய ஆண்களுக்கு 94 செ.மீ., தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ. என்று இடுப்பளவுக்கு வரம்பு வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல.

மாறன்:
நாடாவை ஏற்கிறேன். ஆனால் அந்த 90 செ.மீ. வரம்பு, நேற்று வந்திறங்கியவருக்கும் அங்கேயே பிறந்த அவருடைய மகனுக்கும் ஒன்றுதான். ஆகவே இடுப்பளவுக்குப் பக்கத்தில் அவர் எந்த ஆண்டு வந்தார் என்பதையும் குறிக்காத அட்டவணையை நான் ஏற்க மாட்டேன்.