மறு: தெர்மோஸ்டாட்டுக்குத் தமிழ்: ‘மடை’யை வைத்துப் பார்ப்போமா?

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று இரவு வந்த மடலுக்குப் பிறகு முடியவில்லை.

> தெர்மோஸ்டாட்டுக்கு ‘வெப்பநிலைப்பி’ என்று சொல் இருக்கிறதே. அதைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

இஸ்திரிப் பெட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் தாராளமாகப் போடுங்கள் ஐயா. அங்கே அது கரண்டை விடும், வெட்டும். சூட்டை ஒரு நிலையில் வைத்திருக்கும். பெயர் பொருந்துகிறது. ஆனால் இந்த இழையில் சொல் கேட்ட தம்பி மொழிபெயர்ப்பது 1960களின் அமெரிக்க வி-8 (‘வி’ வடிவில் எட்டு சிலிண்டர்) வண்டிகள் கொதித்தால் எங்கே கை வைப்பது என்கிற கையேடு. அதில் தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் போகிற வழியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கதவு. ‘வெப்பநிலைப்பி சிக்கிக்கொண்டது’ என்று எழுதினால் பட்டறையில் படிக்கிற பையனுக்கு எது, எங்கே, எப்படிச் சிக்கியது என்று ஒன்றும் தெரியாது. ‘கதவு திறக்கவில்லை’ என்றால் உடனே தெரியும்.

(பெரிய எஞ்சின் போட்ட இந்த வேக வண்டிகளை மசில் கார் என்பார்கள். அதற்குத் ‘தசையுந்து’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கறிக்கடை வாசனை வருகிறது. மசில் கார் மசில் காராகவே இருக்கட்டும்.)

அந்தக் கதவு வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பெயர் அதிலிருந்துதான் வரவேண்டும். பித்தளைக் குப்பி ஒன்று, அதற்குள் மெழுகு. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்பிரிங் கதவை இறுக்கி மூடியிருக்கும். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். அந்தக்கால வி-8களில் பெரும்பாலும் 180 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 82 டிகிரி, வந்ததும் மெழுகு உருகி உப்பி ஊசியைத் தள்ளும், கதவு திறக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் பாயும். அங்கே மெல்லிய குழாய்களில் பரந்து ஓடி, காற்றில் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பும்.

டெல்டாவில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, வரப்பில் மண்ணைக் கொத்தி எடுத்ததும் வயலுக்குள் பாய்கிறது. அதற்கு நம் பெயர் மடை. கல்லணையில் இருப்பதுபோல ஷட்டர் வைத்த பெரிய கதவென்றால் மதகு என்போம். இது எலுமிச்சம்பழம் அளவுக்குள் அடங்குகிற சாமான், எனவே மடைதான். ஒரே வித்தியாசம், இங்கே மண்வெட்டியோடு ஆள் நிற்கவில்லை. சூடே ஆள்.

இனி பட்டறைக் கதை. கும்பகோணத்தில் எங்கள் பெரியப்பா நாற்பது வருடம் அம்பாசடரும் ஃபியட்டும் பிரித்து மாட்டியவர். வண்டி எதற்கு வந்தாலும் அவர் செய்கிற முதல் காரியம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மூலையில் கிடக்கும் எண்ணெய் டின்னுக்குள் வீசுவது. “இது பனி பெய்யிற ஊருக்காரனுக்குடா. மேட்டூர் தொறக்குற வரைக்கும் ஆத்து மணல் காலைச் சுடுற ஊர்ல இது எதுக்கு? தண்ணியைத் தடுக்குது, அவ்ளோதான்.” அந்த டின் நிறைந்து நான் பார்த்திருக்கிறேன். அவர் ஒருத்தர் இல்லை, அப்போது ஊர் முழுக்க அதுதான் நடைமுறை.

அவர் நினைப்பு தப்பு. கதவு முழுக்கத் திறந்தபின் அது பெரிதாக எதையும் தடுப்பதில்லை. கழற்றிவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடக் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் இந்தக் கதவு திறக்கும்போதே பக்கத்திலுள்ள பைபாஸை அடைக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டரையே பார்க்காமல் எஞ்சினுக்குத் திரும்பிவிடும். ஆற வேண்டிய வண்டி அதனாலேயே கொதிக்கும். பெரியப்பா இதை ‘தடுப்பு’ என்று நினைத்ததால் எறிந்தார். ‘மடை’ என்று யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால் எறிந்திருக்க மாட்டார். தண்ணீர் அதிகமாகக் கிடைக்குமென்று மடையைப் பெயர்த்தெடுக்கும் விவசாயி கிடையாது. பெயர் முக்கியம் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

போன சித்திரையில் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கான்டெஸா வந்தது, 1.8 இசுசு எஞ்சின் போட்டது. நம் நாட்டு மசில் கார் என்று இளவட்டங்கள் கொண்டாடுகிற அதே வண்டி. சொந்தக்காரர் சொன்னார்: “நீடாமங்கலம் கேட்ல நின்னா முள்ளு சிவப்புக்குப் போயிடுது.” நின்றால் சூடு ஏறுகிறது என்றால் காற்று போதவில்லை, ஃபேனைப் பார் என்பது பாலபாடம். வேறொரு பட்டறையில் ஃபேனை மாற்றியும் விட்டிருந்தார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: “ஓடும்போது எப்படி?” யோசித்துவிட்டு, வலங்கைமான் தாண்டி நல்ல ரோட்டில் அறுபதில் போகும்போதும் ஒருமுறை பொங்கியது என்றார். அறுபதில் எதிர்காற்றே ஃபேன் வேலையைப் பார்த்துவிடும். அங்கேயும் பொங்கினால் குறை காற்றில் இல்லை, தண்ணீரில்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தினோம். முள் ஏறியது. எஞ்சின் தலையில் கை வைக்க முடியவில்லை, மேல் ஹோஸைப் பிடித்தால் குழந்தைக்கு ஊற்றும் வெந்நீர் பதம். ஒரு சாண் தூரத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். கதவு பாதியில் நிற்கிறது.

ஆறவிட்டுக் கழற்றி, பழையதையும் புதியதையும் நூலில் கட்டி ஒரே குண்டானில் தொங்கவிட்டு அடுப்பை மூட்டினோம். தெர்மாமீட்டர் எண்பதைத் தாண்டியதும் புதியது விரலிடுக்கு அளவு திறந்து அகலமாகிக்கொண்டே போனது. பழையது தண்ணீர் தளதளவென்று கொதித்தபோதும் அப்படியே இருந்தது. ஊசியைச் சுற்றி வெள்ளையாக உப்பு. வருடக்கணக்காக போர் தண்ணியை ஊற்றியிருக்கிறார்கள். கடலோரம் போகப் போக நம் போர் தண்ணி என்ன ருசி என்று உங்களுக்குத் தெரியும்.

கையேட்டின் மற்ற பகுதிக்குப் பெரிய சிக்கல் இல்லை. கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சுகிற பக்கம், நொய்ந்துபோனால் வேகத்தில் சப்பிக்கொள்ளும். ‘சப்பிக்கொள்ளுதல்’ என்றே எழுதுங்கள். ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போனால் தண்ணீர் கலந்து ஆயில் டிகிரி காபி நிறத்துக்கு வரும், இதற்கு ஒரு கும்பகோணத்துக்காரனிடம் வேறு உவமை கேட்காதீர்கள். ரேடியேட்டர் மூடிக்குப் புதுச்சொல் வேண்டாம். குக்கர் வெயிட் தாங்குகிற அதே 15 பி.எஸ்.ஐ. கணக்குதான் அதுவும், அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். சூட்டோடு திறக்காதே என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள். பெரியப்பாவின் வலது முழங்கைத் தழும்பு அதற்குச் சாட்சி.

சரி, மடை. முன்னே என்ன சேர்ப்பது?

> வெப்பம் + மடை = வெப்பமடை. எளிது, புரியும்.

எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ‘எஞ்சினின் வெப்பமடை திறக்கவில்லை’ என்று வாசிக்கும்போது ‘வெப்பமடைகிறது’, ‘வெப்பமடைந்தது’ எல்லாம் வந்து மோதும். கொதிப்பைப் பற்றிய கையேட்டில் பக்கத்துக்குப் பத்து இடத்தில் வெப்பமடையும். தாங்காது.

> வெம்மை + மடை = வெம்மடை. வெந்நீர் போல.

புணர்ச்சியில் குறையில்லை, காதுக்கும் அழகு. ஆனால் மடைக்குப் படையல் சோறு என்றும் பொருளுண்டே. மடைப்பள்ளி அங்கிருந்து வந்ததுதான். கோயில் ஊர்க்காரன் எனக்கு வெம்மடை என்றதும் சுடச்சுடப் புளியோதரை நினைவுக்கு வருகிறது. அதைவிட, இந்தச் சொல் சூடான மடை என்கிறது, சூட்டால் திறக்கும் மடை என்று சொல்லவில்லை.

நான் முன்வைப்பது சூட்டுமடை. சூடு, சூட்டுக்கோல் என்பது போல. இதுவும் இலக்கணத்தில் அதே அளவுக்குத்தான் சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டறையில் ‘சூடு’ புழங்குகிறது, ‘வெம்மை’ புழங்கவில்லை. யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியது நியாயமான மறுப்பு:

> எங்கட பக்கம் சூடு எண்டால் அறுத்துக் குவிச்ச நெற்கதிரும்தான். சூடடிக்கிறது எண்டுதான் சொல்லுவம். சூட்டுமடை எண்டால் வயலுக்கைதான் தேடுவினம்.

நாங்கள் அதைப் போர் என்கிறோம், அதனால் எனக்கு உறைக்கவில்லை அண்ணை. ஆனாலும் எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவர் கதிர்க்குவியலைத் தேடமாட்டார் என்றே நினைக்கிறேன். உங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள், அவர் முகம் சுளித்தால் நான் விட்டுவிடுகிறேன்.

இங்கே கேட்டுப் பார்த்தாயிற்று. பட்டறைப் பையனிடம் விளக்கம் எதுவும் தராமல் “சூட்டுமடை எதுடா?” என்றேன். குனிந்து ரேடியேட்டர் அடியில் தண்ணீர் இறக்கும் திருகைக் காட்டினான். எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. “சூடு பட்டாத் தானாத் தொறக்குற மடைடா” என்றதும் நேராக மேல் ஹோஸ் எஞ்சினில் சேரும் மூடியைத் தட்டினான். ஆக, சொல் தனியாக நிற்காது. கையேட்டில் முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கமும் தெர்மோஸ்டாட் என்ற பெயரும் கூட வேண்டும். ‘வெப்பநிலைப்பி’க்கு ஒரு வரி போதாது, ஒரு பத்தி வேண்டும்.

ஃபேனைச் சுற்றியிருக்கும் ஷ்ரவுடுக்கு ‘விசிறிக்கூடு’ போதும். அதற்குத் தனி இழை தொடங்காதீர்கள்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து