பல்கலைக்கழகச் சின்னம்: சிங்கமா, நீர்நாயா?

தேன்சிட்டு:
எங்கள் பல்கலைக்கழகத்துக்கு முதல்முறையாக ஓர் அடையாளச் சின்னம் தேர்ந்தெடுக்கிறார்கள். திடலில் வேடமிட்டு வருமே, பனியனில் அச்சாகுமே, அந்த மாஸ்காட்தான். குழுவில் மாணவர் தரப்பில் நான் இருக்கிறேன். கடைசிச் சுற்றில் சிங்கம், கழுகு, நீர்நாய் மூன்றும் நிற்கின்றன. வளாக ஏரியில் நீர்நாய்கள் வாழ்கின்றன. நீரியல் துறைதான் எங்களுடைய மிகப் பழைய துறை. என் ஓட்டு நீர்நாய்க்கு. குழுவில் பாதிப் பேர் "வீரம் தெரியணும்" என்கிறார்கள். உங்கள் கருத்து?

கருங்கல்:
சிங்கம். விளையாட்டு வீரனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எதிரணி முன்னால் நிற்கும்போது நெஞ்சை நிமிர்த்தும் சின்னம் வேண்டும். எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்பதால் அது மதிப்பிழந்துவிடாது. யேல் பல்கலைக்கழகத்தின் சின்னம் புல்டாக். அமெரிக்காவில் எத்தனையோ கல்லூரிகளுக்கு அதே நாய்தான். ஆனாலும் யேலின் 'ஹேண்ட்சம் டான்' தனித்தே தெரிகிறது. 1889இலிருந்து உயிருள்ள நாய்களை ஒன்றன்பின் ஒன்றாக அதே பெயரில் வைத்துப் போற்றி வருகிறார்கள். தனித்தன்மை காலப்போக்கில் சேர்வது. தேர்வு நாளன்றே அது கிடைத்துவிடாது.

ஆழிநிலா:
யேல் உதாரணம் உங்களுக்கு எதிராகத்தான் போகிறது, கருங்கல். 1889இல் அதைச் செய்தவர்கள் முன்னோடிகள். இன்று புதிதாக வருபவருக்கு அந்த இடம் காலியாக இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் கழுகு, புலி, புல்டாக் மூன்றும்தான் மிக அதிகம். அந்தக் கூட்டத்தில் நாமும் போய் நின்றால் யார் கண்ணிலும் படமாட்டோம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) 1914இல் பீவரைத் தேர்ந்தெடுத்தது. சிறிய உடல், அகன்ற வால், எந்தப் பகைவனையும் மிரட்டாத பிராணி. ஆனால் அணை கட்டும், இரவில் உழைக்கும். பொறியாளர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விலங்கு எது? காரணம் இவ்வளவு தெளிவாக இருந்ததால்தான் நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் டெஸ்டூடோ ஓர் ஆமை. பக்கத்திலுள்ள செசபீக் விரிகுடாவில் வாழும் இனம். தேர்வுக் காலத்தில் மாணவர்கள் அதன் வெண்கலச் சிலையின் மூக்கைத் தடவிவிட்டுத்தான் போகிறார்கள். நீர்நாய்க்கும் இதே தகுதி உண்டு. சுத்தமான தண்ணீரும் மீனும் இருக்கும் இடத்தில்தான் அது தங்கும். நீரியல் படிக்கும் இடத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கருங்கல்:
நிலைத்தவற்றை மட்டும் அடுக்குகிறீர்கள். விசித்திரமாக ஏதாவது வைத்து, பத்து ஆண்டில் மறந்துபோனவை நம் காதுக்கே வராது. அப்புறம், மென்மையான சின்னத்தை எதிரணி ரசிகர்கள் கேலி செய்வார்கள். அதைத் தாங்கப்போவது திடலில் நிற்கும் பிள்ளைகள், குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை.

ஆழிநிலா:
இதே கவலை சாந்தா குரூஸில் இருந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அந்த வளாகத்தில் மாணவர்கள் வாழைப்பழ நத்தையைத் தங்கள் சின்னமாகக் கொண்டாடி வந்தார்கள். ரெட்வுட் என்ற நெடுமரக் காட்டுத் தரையில் ஊரும், ஓடில்லாத மஞ்சள் நத்தை. போட்டி வெறி வேண்டாம் என்று சொல்லவே அதைப் பிடித்துக்கொண்டார்கள். நிர்வாகம் 1980களின் தொடக்கத்தில் கடல் சிங்கத்தை அறிவித்தது. மாணவர்கள் விடவில்லை. 1986இல் ஓட்டெடுப்பு நடந்து நத்தையே பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தது. கேலிக்கு அஞ்சியது நிர்வாகம்தான், மாணவர்கள் இல்லை.

மழைக்குருவி:
ஓட்டெடுப்பு என்றதும் ஓர் எச்சரிக்கை. 2016இல் பிரிட்டனில் ஓர் ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் கேட்டு இணையத்தில் ஓட்டு நடத்தினார்கள். முதலிடத்துக்கு வந்தது 'போட்டி மெக்போட்ஃபேஸ்' (Boaty McBoatface), படகு என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துச் செய்த கேலிப் பெயர். கடைசியில் கப்பலுக்கு இயற்கை ஆவணப்படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோ பெயரை வைத்து, ஓட்டில் வென்ற கேலிப் பெயரை ஒரு சிறு நீர்மூழ்கிக் கருவிக்குக் கொடுத்தார்கள். அதனால் குழு சலித்தெடுத்த பட்டியலை மட்டும் ஓட்டுக்கு விடுங்கள். முடிவை ஏற்போம் என்ற உறுதியை முன்கூட்டியே அறிவியுங்கள்.

இன்னொன்று: "வீரம்" என்று பேசத் தொடங்கினால் அடுத்து யாராவது ஒரு மக்கள் குழுவின் பெயரைப் போர்வீரன் சின்னமாக முன்வைப்பார்கள். அதை அங்கேயே நிறுத்துங்கள். வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் 'சண்டையிடும் சூ' என்ற பழங்குடிப் பெயரைப் பல ஆண்டு வழக்குகளுக்கும் வாக்கெடுப்புக்கும் பிறகு 2012இல் கைவிட்டது. புதுப்பெயர் வர 2015 ஆனது. ஸ்டான்ஃபோர்டு 1972லேயே அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கும் 'இந்தியன்' சின்னத்தை நீக்கியது. மனிதர்களைப் பொம்மையாக்கினால் அந்த மனிதர்களுக்கு வலிக்கும்.

நடுவாசல்:
கல்லூரி நாளில் மாஸ்காட் வேடத்துக்குள் நின்றவன் நான். இதுவரை யாரும் வேடத்தைப் பற்றிப் பேசவில்லை. உள்ளே வெப்பம் தாங்க முடியாது. பார்வை பெரும்பாலும் வாய் வழியாகத்தான், அதுவும் நேர் எதிரே மட்டும். கூடவே வழிகாட்ட ஓர் ஆள் இல்லாமல் படியிறங்கக் கூடாது. சிங்க வேடத்தில் பிடரியின் கனம் முழுதும் கழுத்தில் இறங்கும். கழுகு என்றால் இறக்கையால் கையைப் பயன்படுத்தவே முடியாது, கைகுலுக்கல்கூடக் கஷ்டம். பல்லைக் காட்டும் முகத்தைப் பார்த்துச் சின்னக் குழந்தைகள் அழுவார்கள். நீர்நாய் நிமிர்ந்து நிற்கும், முன்கால்களால் பொருளைப் பிடிக்கும். மனித உடலோடு ஒத்துப்போகும் உருவம். என்னைக் கேட்டால் இது ஒன்றே போதும்.

கருங்கல்:
நடுவாசல் சொன்னதை ஏற்கிறேன், அது அனுபவம். ஆனால் என் ஓட்டு இன்னும் சிங்கத்துக்குத்தான். ஒருவேளை நீர்நாய் ஜெயித்தால், அதைக் கண் உருட்டும் கார்ட்டூன் பொம்மையாக வரையாதீர்கள். முதலையையே கூட்டமாக எதிர்த்து விரட்டும் பிராணி அது. அந்தக் குணம் படத்தில் தெரியட்டும். வரைபடத்தை முடிவு செய்யும் முன் விளையாட்டு அணித் தலைவர்களிடம் காட்டுங்கள்.

தேன்சிட்டு:
அண்ணா, அணித் தலைவர்களைக் கேட்க வேண்டும் என்பதைக் குழுவில் எழுத்தாகவே கொடுக்கிறேன். மூன்று சின்னங்களுக்கும் மாதிரி வேடம் தைத்துத் திடலில் ஓடவிட்டுப் பார்த்த பிறகே ஓட்டெடுப்பு என்றும் கேட்கப்போகிறேன். வேடத்துக்குள் நிற்கப்போகும் மாணவருக்கும் குழுவில் ஓர் இடம் வேண்டும். நடுவாசல், வெப்பத்தைக் குறைக்க உள்ளே என்ன வைத்தீர்கள், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றினீர்கள் என்று கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.