மறு: அமெரிக்க வார்ப்ளருக்கு "தளிர்க்குருவி" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம், அமெரிக்காவுல வார்ப்ளர்னு கூப்பிடற சின்னப் பாடும் பறவைங்களுக்குத் தமிழ்ல "தளிர்க்குருவி"ன்னு பேர் வைக்கலாம்னு நான் சொன்னதுக்கு வந்த கேள்விங்களுக்குப் பதில் இது.

> "அமெரிக்கக் கதிர்க்குருவி"ன்னே வச்சிட்டுப் போயிடலாமே, எதுக்குப் புதுசா ஒண்ணு?

முதல்ல இதுக்குப் பதில் சொல்லிடறேன். கதிர்க்குருவின்னு எழுதினா தமிழ்ல படிக்கிறவங்க மனசுல வர்றது வயலோரம் வாலைத் தூக்கிட்டு நிக்கிற சாம்பல் கதிர்க்குருவி, இல்லேன்னா குளிர்காலத்துல வலசை வந்து இலைக்கு இலை தாவுற இலைக்கதிர்க்குருவி. அமெரிக்காவுல வார்ப்ளர்னு சொல்றது பாருலிடேங்கற வேற குடும்பம், இதுங்களோட கிட்டத்து உறவே கிடையாது. அங்க குடியேறின இங்கிலீஷ்காரங்க ஊர்ல பாத்த பறவை மாதிரி எது தெரிஞ்சாலும் அந்தப் பேரையே வச்சாங்க, மார்பு செவப்பா இருந்த ஒரு பூங்குருவியைக் கூட ராபின்னு கூப்பிட்டாங்க. அவங்க வச்ச குழப்பத்தை நாமளும் தமிழ்ல எடுத்துட்டு வரணுமா? சிறகுலயே வித்தியாசம் இருக்கு, பாருலிடேக்கு வெளிப்பக்கம் நல்லாத் தெரியற முதன்மை இறகு (சிறகு நுனிப் பக்கத்துப் பெரிய இறகு) ஒம்பது, இலைக்கதிர்க்குருவிக்குப் பத்து.

இது வகைப்பாடு பாக்கறவங்களுக்கு மட்டும் வேண்டிய விஷயம்னு நினைக்காதீங்க. பிளாக்போல் வார்ப்ளர்னு ஒண்ணு, எடை சாதாரணமா 12 கிராம் தான், இலையுதிர் காலத்துல வட அமெரிக்காவோட கிழக்குக் கரையை விட்டுக் கிளம்பினா அட்லாண்டிக் மேல ரெண்டு மூணு நாள் எங்கயும் இறங்காம 2,200 கிலோமீட்டருக்கு மேல பறக்குது, முதுகுல சின்னக் கருவி கட்டி அனுப்பி 2015ல உறுதிப்படுத்தினாங்க. இதை ஒரு பிள்ளைங்க புத்தகத்துல "கதிர்க்குருவி கடல் தாண்டுது"ன்னு எழுதினா, படிக்கிற பிள்ளை வயலை விட்டு நகராத அந்தச் சாம்பல் நிறக் குருவியைத்தான் நினைச்சுக்கும்.

> வேற பேருன்னா மஞ்சள்குருவி வைக்கலாம், பெரும்பாலும் மஞ்சள் தானே?

இல்லீங்க. போன மே மாசம் நியூயார்க் மாநிலத்து ஆடிரான்டாக் மலைக்காட்டுல, கார் ரோட்டை விட்டு ரொம்ப உள்ள தள்ளி ஒரு முழு நாள் நடந்தேன், மேப்பிள் எல்லாம் அப்பத்தான் இலை விட ஆரம்பிச்சிருந்துது, அதுவே இந்தப் பறவை பாக்க நல்ல சமயம், இன்னும் ரெண்டு வாரம் போனா இலை அடர்ந்து சத்தம் மட்டும் தான் கேக்கும் ஆள் தெரியாது. ராத்திரியில பறந்து வந்து விடியறப்ப இறங்கறதுங்க, பசியோட இருக்கும், புதுத் தளிர்ல இருக்கற புழுவைத் தேடிக்கிட்டே பாடும். ஆண் முன்னாடி வந்து இடம் பிடிக்கும், பெண் பின்னால வரும். விடிஞ்சதுலேர்ந்து அண்ணாந்து பாத்துப் பாத்து கழுத்து பிடிச்சுக்கிச்சு, அதுக்கே இங்கிலீஷ்ல "வார்ப்ளர் கழுத்து"ன்னு பேரு உண்டு. அன்னைக்குக் கண்ணுல பட்டதுல மஞ்சளே இல்லாத கறுப்பு வெள்ளை வரி போட்டது ஒண்ணு அடிமரத்துல ஊர்ந்துட்டுப் போச்சு, உச்சாணிக் கொம்புல பிளாக்பர்னியன் வார்ப்ளர் ஒண்ணு தொண்டை தணல் மாதிரி, பாட்டு முடியற இடத்துல ஸ்ருதி ஏறி ஏறிக் காதுக்கே எட்டாமப் போகுது. நிறத்தை வச்சு குடும்பத்துக்கே பேர் வச்சா பாதிப் பறவை வெளிய நிக்கும். இதுங்க அத்தனையையும் சேக்கறது அந்தத் தளிர் விடற பருவம் தான், அதான் தளிர்க்குருவின்னு சொல்றேன்.

> இலையில மேயறது நம்ம இலைக்கதிர்க்குருவியும் தானே, தளிர் அதுக்குத்தான் பொருத்தம்.

இது நல்ல எதிர்வாதம், இலைக்கதிர்க்குருவியோட அறிவியல் பேரான பில்லோஸ்கோப்பஸ்ங்கற கிரேக்கப் பேருக்கே இலையைத் துருவிப் பாக்கறதுன்னு தான் அர்த்தம். ஆனா அதுக்கு "இலை" ஏற்கனவே போய்ச் சேர்ந்தாச்சு, அதைத் தொட வேண்டாம். "தளிர்" இன்னும் யாருக்கும் கொடுக்காத சொல்.

கதிர், தளிர் ரெண்டும் ஒரே ஓசையா இருக்கு, மாத்திப் படிச்சிடுவாங்கன்னும் ஒருத்தர் சொல்லியிருந்தாங்க. எனக்கு அந்த ஓசை ஒத்துப் போறது தான் பிடிச்சிருக்கு, பாக்க ஒண்ணு போல இருக்கு ஆனா வேறங்கறது சொல்லுலயே வந்துடுது. ஓசையில இவ்வளவு கிட்ட வர வேண்டாம்னு நினைச்சா தகைவிலான் (ஸ்வாலோ), உழவாரன் (ஸ்விஃப்ட்) மாதிரி ஒட்டே இல்லாம ரெண்டு சொல் வைக்கலாம், அதுவும் ஆகாயத்துல ஒரே மாதிரி பறக்கற ஆனா உறவில்லாத ரெண்டு பறவை தான், தமிழ் அதைப் பிரிச்சு வச்சிருக்கு. அப்படி ஒரு தனிச்சொல் யாருக்காவது தோணினா நான் என்னோடதை விட்டுடறேன், ஆனா "அமெரிக்க"ன்னு முன்னாடி ஒட்டறது மட்டும் வேண்டாம்.

உட்பிரிவுப் பேரு சுலபமா வருது. மஞ்சள்பிட்டத் தளிர்க்குருவி, தணல்தொண்டைத் தளிர்க்குருவி, வரித் தளிர்க்குருவி. 1958ல சூழலியல் ஆய்வாளர் மக்ஆர்தர் எழுதின ஆய்வு நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், அஞ்சு வகை வார்ப்ளர் ஒரே ஸ்ப்ரூஸ்ங்கற ஊசியிலை மரத்துல உச்சி, நடு, அடின்னு இடத்தைப் பங்கு போட்டு மேயறதைப் பத்தினது, அதைத் தமிழ்ல எழுதறப்ப இந்த வரிசை ரொம்ப உதவும், அஞ்சும் ஒரே குடும்பம்னு பேரைப் பாத்தாலே புரிஞ்சிடும்.

இடிக்கிறது ஓவன்பேர்ட் தான். அதுவும் இதே குடும்பம், ஆனா தளிர் பக்கம் அதிகம் போகாது, காட்டுத் தரையில சருகுக்குள்ள நடந்து மேயும், காய்ஞ்ச இலை புல்லு வச்சுத் தரையிலயே கூரை போட்ட அடுப்பு மாதிரி கூடு கட்டும். அடுப்புக்குருவின்னு பெயர்க்கலாம்னா தென் அமெரிக்காவுல மண்ணுல கூடு கட்டற இன்னொரு குடும்பத்துக்கும் இங்கிலீஷ்ல இதே பேர் இருக்கு, மறுபடி அதே குழப்பம். சருகுக்குருவின்னு தனியா வச்சா என்ன? தளிர்க்குருவிக் குடும்பத்துல சருகுக்குருவி, கேக்கவே நல்லா இருக்கு, நடத்தையும் சரியா வருது.

இதே குடும்பத்து வாட்டர்த்ரஷ்ஷுக்கு இன்னும் எதுவும் பிடிபடலை. பேர்ல த்ரஷ் இருந்தாலும் பூங்குருவி கிடையாது, ஓடைக்கரையில வாலை மேலும் கீழும் ஆட்டிக்கிட்டே நடக்கும், ஆனா வாலாட்டின்னு வைக்க முடியாது, அந்தப் பேரு வேற பறவைக்குப் போயாச்சு. ஓடைத் தளிர்க்குருவின்னு சொல்லலாமா, இல்ல சருகுக்குருவி மாதிரி "ஓடைக்குருவி"ன்னு சுருக்கிடலாமா? பறவை பாக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க.