எடை குறைக்கிற ஒப்பரேஷன் கொழும்பில செய்திட்டு திருகோணமலையில இருக்கிறாக்கள் ஆராவது இருக்கிறீங்களா?

உப்புவெளிப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 34, உயரம் 160 சென்ரிமீற்றர், போன கிழமை தராசில 104 கிலோ. சீனி வருத்தம் வந்து நாலு வருஷம். அதுக்கு மெற்ஃபோமின், கிளிக்கிளசைட் எண்டு ரெண்டு குளிசை எடுக்கிறன். முழங்கால் ரெண்டும் மாடிப்படியைக் கண்டாலே அழுகுது. ஒரு மகள் இருக்கிறா, இன்னொரு பிள்ளை வேணுமெண்டு ஆசை. மாதவிடாய் ஒழுங்கில்லை. "முதல்ல எடையைக் குறையுங்கோ" எண்டுதான் போற இடமெல்லாம் சொல்லினம். சோத்தை விட்டிட்டு குரக்கன் புட்டு சாப்பிட்டு ஆறு கிலோ குறைச்சன், பிறகு எட்டுக் கிலோ கூடினன்.

போன மாசம் கொழும்பில ஒரு சேர்ஜனைச் சனல் பண்ணி, அதுதான் தனியாரில நம்பர் எடுத்து, பாத்தனான். உள்ள ஏழு நிமிஷம் இருந்திருப்பன். "ஸ்லீவ் செய்யலாம், மூண்டு நாளில வீட்ட போகலாம்" எண்டார். ஸ்லீவ் எண்டா இரைப்பையை வெட்டிச் சின்னனாக்கிற ஒப்பரேஷன். நல்ல கைராசி எண்டு வெளியில இருந்த எல்லாரும் சொல்லிச்சினம். பஸ்ஸில திரும்பி வரேக்க, கந்தளாய் தாண்டினாப் பிறகுதான் ஞாபகம் வந்தது, மூண்டு நாளுக்குப் பிறகு என்னெண்டு நான் கேட்கவே இல்லை. கொழும்பில எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. இவருக்கு துறைமுகத்தில ஷிப்ட் வேலை. 260 கிலோமீற்றரை எத்தனை தரம் போய் வாறது? மாமி வேற, "இருக்கிற குடலை வெட்டி எறியப் போறியோ" எண்டு ஒவ்வொரு நாளும் கேட்கிறா.

அனுபவப்பட்டாக்கள் சொல்லுங்கோ.

காலைநடை:

உதெல்லாம் தேவையில்லாத வேலை. விடிய அஞ்சு மணிக்கு டச் பே கடற்கரையில ஒரு மணித்தியாலம் நடவுங்கோ, ராத்திரிச் சாப்பாட்டை விடுங்கோ. ஆறு மாசத்தில தானாக் குறையும். நான் 9 கிலோ குறைச்சனான்.

கச்சேரி அக்கா:

காலைநடை அண்ணா, நீங்க 84இல இருந்து 75க்கு வந்திருப்பீங்கள். அந்தப் பிள்ளையின்ர பி.எம்.ஐ., அதுதான் உயரத்துக்கும் எடைக்கும் பாக்கிற கணக்கு, 40ஐத் தாண்டுது. 1991இல அமெரிக்காவில போட்ட பழைய கணக்கிலயே அது ஒப்பரேஷனுக்குரிய அளவு. 2022இல புதுக்கின வழிகாட்டலில 35க்கு மேல எண்டா வேற வருத்தம் இல்லாட்டியும் செய்யலாம், எங்கட ஆசிய உடம்புக்கு 27.5இலயே யோசிக்கலாம் எண்டிருக்கு. நானும் நடந்தனான், அதே கடற்கரையில, ரெண்டு வருஷம். மான்களுக்கெல்லாம் என்னைத் தெரியும்.

தங்கச்சி, நான் ஸ்லீவ் செய்து 19 மாசம். உவர்மலை, கச்சேரி வேலை, வயசு 47. ஒப்பரேஷனுக்குப் போன அண்டு 118 கிலோ, இப்ப 85. இடையில 82க்குப் போனது, ரோல்ஸும் மாலு பாணும் திரும்பக் கூப்பிட்டதில மூண்டு ஏறிச்சு. செய்ததுக்குக் கவலைப்படேல்ல. சீனிக்கு இப்ப ஒரு குளிசையும் இல்லை. குறட்டை நிண்டதில இவருக்குத்தான் என்னைவிடச் சந்தோஷம்.

என்ர சேர்ஜன் கத்தி பிடிக்கிறதில கெட்டிக்காரன், அதில ஒரு குறையும் சொல்லமாட்டன். அஞ்சு சின்ன ஓட்டை. இரைப்பையில முக்கால்வாசிக்கு மேல எடுத்திட்டு வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை விட்டிருக்கு. பசியைக் கிளப்புற கிரெலின் எண்ட சுரப்பு அந்த எடுத்த பக்கத்திலதான் கூடுதலா ஊறுமாம், அதாலதான் முதல் மாசங்களில சாப்பாட்டு நினைவே வராது. (மாமிக்குச் சொல்லுங்கோ, ஸ்லீவில குடலில கை வைக்கிறேல்ல. குடலை மாத்தித் தொடுக்கிறது பைபாஸ்.) நாலாம் நாள் வானில வந்தன். காலில ரத்தம் கட்டாம இருக்க இடைக்கிடை இறங்கி நடக்கச் சொன்னவை. தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்கு முன்னால, பட்டப்பகலில, நைட்டியோட நான் உலாத்தினதை லொறிக்காரர் எல்லாம் நிண்டு பாத்திச்சினம்.

கையில ஒரு தாள் தந்தவை. ரெண்டு கிழமை தண்ணிச் சாப்பாடு, ரெண்டு கிழமை அரைச்சது, பிறகு மெதுமையானது. எல்லாம் இங்கிலிஷில. ஓட்ஸ் இருக்கு, புரோக்கொலி இருக்கு, புட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏழாம் கிழமை, நல்லாத்தானே இருக்கிறன் எண்டு ஒரு பிடி புட்டுக்குச் சொதி விட்டுச் சாப்பிட்டன். நெஞ்சுக்குழிக்க சீமெந்து மாதிரி இறுகிச்சு. அண்டு தொடங்கின சத்தி, பிறகு தண்ணி குடிச்சாலும் சத்தி.

கொழும்புக்கு கோல் எடுத்தன். "டொக்டர் ஒப்பரேஷன் தியேட்டரில." அடுத்த நாள், "டொக்டர் வெளிநாட்டில." மூண்டாம் நாள், "சனல் பண்ணிக்கொண்டு வாங்கோ, பதினெட்டாம் திகதிதான் நம்பர் இருக்கு." வாளியைக் கையில வைச்சுக்கொண்டு பஸ் ஏறவோ? இங்க ஒரு தனியார் இடத்தில மூண்டு தரம் சேலைன் ஏத்தி ஏத்தி வீட்ட விட்டிச்சினம். சத்தி தொடங்கி மூண்டாம் கிழமை ஒரு பின்னேரம், கேற்றில இருந்து வாசல் வரைக்கும் ஒரு கால் செருப்பு இல்லாமலே வந்திருக்கிறன். கழண்டது எனக்குத் தெரியேல்ல. மகன்தான் பாத்துக் கேட்டவன்.

அண்டிரவே இவர் ஓட்டோவில பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அங்க ஒரு இளம் டொக்டர் பிள்ளை, என்ன ஒப்பரேஷன் எண்டு கேட்ட உடன ரெண்டே ரெண்டு கேள்விதான் கேட்டா. எத்தனை நாளாச் சத்தி? கால் விறைக்குதா? உடனயே தயமின், அதுதான் விற்றமின் பி1, நாளத்தில ஏத்தச் சொன்னா. அதுக்குப் பிறகுதான் குளுக்கோஸ். பி1 குறைஞ்ச உடம்புக்கு முதல்ல குளுக்கோஸ் போனா மூளையையே பாதிக்கலாமாம், ரெண்டு மூண்டு கிழமை விடாமச் சத்தி எடுத்தா உடம்பில இருக்கிற பி1 முடிஞ்சிடுமாம். இது எனக்கு அந்தத் தாளில இருந்திருக்க வேண்டிய விஷயம். பிறகு கொழும்பில வேற ஒரு டொக்டர் எண்டஸ்கொப்பி செய்து பாத்தார். குழாயில ஒரு இடம் ஒடுங்கிப் போயிருந்தது, பலூன் விட்டு விரிச்சவர். சத்தி நிண்டது. வலது பெருவிரலில மட்டும் இன்னும் முழுசா உணர்வு வரேல்ல.

அதால கைராசியை ஒரு பக்கம் வையுங்கோ. ராத்திரி எட்டு மணிக்குச் சத்தி எடுத்தா ஆர் போனைத் தூக்குவினம் எண்டு கேளுங்கோ. ஆஸ்பத்திரி எண்டு சொன்னா விடாதேங்கோ, ஆளின்ர பெயரைக் கேளுங்கோ. சாப்பாடு சொல்லித் தர ஆள் இருக்கா, தமிழில கதைப்பினமா? ரத்தச் சோதனை எப்ப எப்ப, இங்க எடுத்து வாட்ஸப்பில போட்டால் பாப்பினமா? எனக்கு இப்ப அந்த ரெண்டாவது டொக்டர்தான் பாக்கிறார். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில இருக்கிற இரும்புச்சத்துக் கணக்கு), பி12, விற்றமின் டி, கல்சியம். முதல் வருஷம் மூண்டு தரம், இனி வருஷத்துக்கு ஒருக்கா, சாகுமட்டும். விற்றமின் குளிசையும் அப்பிடித்தான்.

இங்க உங்களைப் பாக்கிற டொக்டருக்கு ஒரு கடிதமும் வாங்குங்கோ. ஏன் சொல்லுறன் எண்டா, நீங்க கிளிக்கிளசைட் எடுக்கிறீங்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு சாப்பாடு ரெண்டு வாயாக் குறைஞ்சிடும், அந்தக் குளிசையைப் பழைய அளவில போட்டா சீனி கீழ விழுந்து மயங்கிப்போவீங்கள். கிளினிக் கொப்பியில பழையதுதான் எழுதியிருக்கும், கவுண்டரில அதைத்தான் தருவினம். முழங்கால் நோவுக்கு டைக்ளோஃபெனாக்கும் கேட்காமப் போடாதேங்கோ, அந்த இரைப்பையில புண் வரலாம்.

பிள்ளை விஷயம். 12இல இருந்து 18 மாசம் பொறுக்கச் சொல்லுவினம். எடை இறங்கிற காலத்தில தங்கினால் பிள்ளைக்குச் சத்துப் போதாது. ஆனா எடை குறையக் குறைய மாதவிடாய் சீராகி, நினைக்காத நேரத்தில தங்கிவிடும். முதல்லயே மகப்பேற்று டொக்டரோட கதைச்சு வையுங்கோ.

மூண்டாம் மாசத்தில இருந்து தலைமயிர் கொட்டும், சீப்பைக் கண்டாலே அழுகை வரும். எனக்கு ஒன்பதாம் மாசம் நிண்டது. பத்திரகாளி அம்மன் கோயிலில ஒருத்தி என்ர கையைப் பிடிச்சு "எந்த இடத்தில கான்சர்" எண்டு மெதுவாக் கேட்டா. சாப்பாட்டுக்கு நாங்க கவலைப்படத் தேவையில்லை. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் வேணும், ஒரு முட்டையில ஆறுதான் இருக்கு, 100 கிராம் மீனில கிட்டத்தட்ட இருபது. பாரையோ சூரையோ தண்ணியா ஆணம் வைச்சு, முள்ளெடுத்து, மசிச்சுச் சாப்பிடுங்கோ. கந்தளாய்ச் சட்டித் தயிர், சீனியும் பாணியும் இல்லாம. சாப்பாட்டோட தண்ணி குடிக்காதேங்கோ, அரை மணித்தியாலம் இடைவெளி விடுங்கோ.

கிண்ணியா நாநா:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் செஞ்சது பைபாஸ், சென்னையில, மூணு வருஷம் ஆகுது. 260 கிலோமீற்றருக்கே நீங்க இப்பிடி யோசிக்கிறீங்க, நான் கடல் தாண்டிப் போய் வெட்டிக்கிட்டு வந்தவன். ஆனா அங்க உள்ள சாப்பாட்டு மிஸ் இண்டைக்கும் வாட்ஸப்பில மறுமொழி போடுவா.

நோன்பைப் பத்திச் சொல்லணும், முஸ்லிம் ஆக்கள் இதைப் படிச்சா உதவும். முதல் வருஷம் பிடிக்க வேணாம் எண்டு டொக்டர் சொன்னார், தண்ணி குறைஞ்சு சிறுநீரகம் பாதிக்கும் எண்டு. நான் ஆறாம் மாசமே பிடிச்சன். நோன்பு திறக்க மூணு பேரீச்சம்பழமும் ஒரு கிளாஸ் சர்பத்தும் ஒரே மூச்சில. கால் மணித்தியாலத்தில நெஞ்சு படபடப்பு, வேர்வை, கண் இருட்டு. மஹ்ரிப் தொழுகைக்கு எழும்ப ஏலாமப் படுத்திட்டன். உம்மா ஓதி ஊத ஆரம்பிச்சிட்டா. இனிப்பு ஒரேயடியா குடலுக்குள்ள இறங்கினா அப்பிடித்தான் ஆகுமாம், டம்பிங் எண்டு சொல்லுவாங்க. மறுகா அரைப் பழம், தண்ணி மிடறு மிடறா. வட்டிலப்பத்தைக் கண்டா சலாம் சொல்லிட்டு நகர்ந்திருவன்.

தங்கச்சி, நெஞ்செரிச்சல் இருந்தா முதல்லயே சொல்லிருங்க. ஸ்லீவில அது கூடும் எண்டுதான் எனக்கு பைபாஸ் செஞ்சாங்க.

உப்புவெளிப் பிள்ளை:

அக்கா, நாநா, ரெண்டு பேருக்கும் நன்றி. செருப்புக் கதையை மாமிக்கு வாசிச்சுக் காட்டினன், அதுக்குப் பிறகு குடலைப் பற்றிக் கதைக்கேல்ல.

இண்டைக்கு அந்த முதல் இடத்துக்குக் கோல் எடுத்து, ராத்திரி ஆர் போனைத் தூக்குவினம் எண்டு கேட்டன். "டொக்டர்தான் எல்லாம் பாப்பார்" எண்டு லைனில நிக்கச் சொன்னா. பதினொரு நிமிஷம் பாட்டுக் கேட்டிட்டு வைச்சிட்டன். இன்னொரு இடமும் விசாரிச்சன். அங்க சேர்ஜனைப் பாக்க முதல் சாப்பாட்டு மிஸ்ஸை ரெண்டு தரம் பாக்க வேணுமாம். மட்டக்களப்புப் பிள்ளை, தமிழில கதைச்சா. புட்டு எப்ப சாப்பிடலாம் எண்டு கேட்டன். சிரிச்சிட்டு, "மூண்டு மாசம் அந்தப் பக்கம் போகாதேங்கோ" எண்டா.

கச்சேரி அக்கா:

நம்பரை வாங்கினீங்களா?

உப்புவெளிப் பிள்ளை:

வாங்கினன். ராத்திரி எட்டரைக்கு சும்மா ஒருக்கா அடிச்சும் பாத்தன். தூக்கினா.